கடைசிப் பாகத்தின் கடைசி வரி

சிலிபின், ஈப்போ
11.2.2024

அன்புள்ள கஸ்பார் அண்ணனுக்கு,

தங்கை எல்ஸி எழுதுவது. இங்கு நானும் கேரனும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? தேய்க்கிறேன் என்று பொய்தான் எழுதுவீர்கள், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

சீனப் பெருநாள் லீவில் ஊரே அடைத்துக் கிடக்கிறது. எனக்கு மட்டும் லீவு இல்லை. கோலாலம்பூர் கம்பெனியில் மகேந்திரன் என்று ஒருவர் வேலை கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறேனே, அவர் இந்த முறை பெரிய வேலையாக அனுப்பியிருக்கிறார். இத்தனை நாள் சமையல் நிகழ்ச்சிக்கும் கொரியா நாடகத்துக்கும் கீழே தமிழ் எழுத்துப் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. இது வடதுருவம், தென்துருவம் பற்றிய ஆவணப்படம். ஆறு பாகம். பனிக்கரடி, கடல்நாய், பென்குயின் எல்லாம் வருகிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு டி.வி.யில் போடுகிறார்களாம். முதல் பாகம் இந்த 25ஆம் தேதி. உங்கள் டேவான் கூடத்தில் இருக்கும் டி.வி.யில் பார்க்க விடுவார்களா என்று வார்டன் துவானிடம் கேளுங்கள். கீழே ஓடும் தமிழ் முழுக்க என் தமிழ்.

என் தமிழ் என்று சொன்னால் கேரன் சண்டைக்கு வருவாள். பள்ளி விட்டு வந்ததும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை, புத்தகத்தை எடு என்றால், பென்குயினும் பாடம்தான் என்கிறாள். அம்மா இல்லாத பிள்ளை என்று நான் கொடுத்த செல்லம், என்ன செய்வது.

போன தடவை சிறை கேட்டில் துவான் எத்தனை பேர் என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் இவள் இரண்டு விரலை நீட்டினாள், அவரே சிரித்துவிட்டார். மார்ச்சில் வருகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
எல்ஸி

(அப்பா, உறையில் வரைந்திருப்பது கோழி இல்லை. பென்குயின். கேரன்)


பத்து காஜா
3.3.2024

பாசமுள்ள எல்ஸிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கு நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தைலம் தேய்க்கிறேன், பொய் இல்லை.

துவான் ஒத்துக்கொண்டார். முதல் பாகம் பார்த்தோம். நாற்பது பேர் இருந்தோம், தமிழர்கள் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். குஞ்சுகளையெல்லாம் ஒரே கூட்டமாக விட்டுவிட்டுப் பெரியதுகள் இரை தேடப் போகும் இடத்தில் ‘இது பென்குயின்களின் ஆயாக்கொட்டகை’ என்று போட்டாய் பார், அங்கே சன்னாசி எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுபது வயதுக் கிழவர், செமோர் பக்கம் ரப்பர் பால் மரம் சீவினவர். “நம்ம எஸ்டேட்டுல பிள்ளைங்கள விட்டுட்டுப் போவோமே, அதான்லா இது” என்று மலாய்க்காரப் பையன்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். உட்காரச் சொல்லித் துவான் அதட்ட வேண்டியதாயிற்று. என் தங்கச்சி எழுதினது என்று சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு இங்கே கொஞ்சம் மரியாதை.

அந்தக் குளிரைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. மைனஸ் பதினெட்டில் மீன் பெட்டி ஏற்றி இறக்கினவன் நான், எனக்குத் தெரியும். லூமுட்டிலிருந்து ஈப்போ வரைக்கும் அந்த லாரியை எத்தனை வருஷம் ஓட்டினேன். கண் அசந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் போயிற்று. மோட்டார் சைக்கிளில் வந்த அந்த மனிதர் ஜெயபாலன் பெயரைத் தினம் ஜெபத்தில் சொல்கிறேன். அவருக்கும் ஒரு பெண் பிள்ளை.

நம் அம்மாவின் வருஷப் பூசை 16ஆம் தேதி. எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்று. போன வருஷம் அடக்கத்தன்று கையில் விலங்கோடு கோயிலில் பத்து நிமிஷம் நின்றேன். அம்மா முகத்தைப் பார்த்தேனா, என் கையை மறைத்தேனா, எனக்கே தெரியவில்லை. கேரன்தான் தன் சால்வையை எடுத்து என் கை மேல் போட்டாள். திரும்பி வந்து ஒரு மாதம் சோறு இறங்கவில்லை, ஆஸ்பத்திரி வார்டில் படுத்துக் கிடந்தேன், உனக்கே தெரியும். அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். சின்னம்மாவுக்கு எண்பத்து மூன்று ஆகிறது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் எனக்குத் தெரிவிக்காதே. நான் பிப்ரவரியில் வெளியே வந்த பிறகு சொல். அந்தக் கோலத்தில் இன்னொரு தடவை யார் முன்னாலும் நிற்க என்னால் முடியாது.

பிள்ளையைப் படிக்கச் சொல்.

இப்படிக்கு,
கஸ்பார்


சிலிபின்
24.3.2024

அப்பா,

எப்படி இருக்கீங்க? நானும் அத்தையும் நல்லா இருக்கோம். அத்தை குளிக்கப் போயிருக்காங்க, அதுக்குள்ள எழுதுறேன்.

அத்தை என்ன பண்றாங்க தெரியுமா? முதல் பாகத்துல கடல்நாய் ஒரு பென்குயினைப் பிடிச்சுச் சாகடிக்குதே, அங்க ‘பறவை காணாமல் போனது’ன்னு எழுதியிருந்தாங்க. நான் விடலை. இங்கிலீஷ்ல செத்துப்போச்சுன்னுதான் சொல்றான், கண்ணு முன்னால தெரியுது, பார்க்கிறவங்க என்ன பாப்பாவா, உள்ளதை எழுதுங்கன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. சோறு கூடப் போட மாட்டேன்னுட்டாங்க. கடைசியில ‘இறந்தது’ன்னு மாத்தினாங்க. நான்தான் ஜெயிச்சேன்.

ஒவ்வொரு பாகத்துலயும் கடைசியில ஒரே குஞ்சைக் காட்டுறாங்க, முதல் பாகத்துல கவனிச்சீங்களா? எல்லாம் முன்னால போயிடும், அது மட்டும் பின்னால உருண்டுக்கிட்டு வரும். படத்துல அதுக்குப் பேர் இல்லை. நான் லேட்டுன்னு பேர் வச்சிருக்கேன். ஏன்னா நானும் தினமும் ஸ்கூல் பஸ்ஸுக்கு லேட்டு. அது பொழைச்சுக் கடலுக்குப் போகுமான்னு தெரியலை. கடைசிப் பாகம் இன்னும் கம்பெனியில இருந்து வரலை. வந்தாலும் உங்களுக்கு முடிவைச் சொல்ல மாட்டேன், அத்தையும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

எனக்குப் பிடிக்காத ஒண்ணு, படம் எடுக்கிறவங்க உதவி செய்யக் கூடாதாம். குஞ்சு பள்ளத்துல விழுந்தாலும் பார்த்துக்கிட்டே நிக்கணுமாம். அது என்ன சட்டம்லா? நான் போனேன்னா கேமராவைப் போட்டுட்டுத் தூக்கிடுவேன்.

சின்ன வயசுல உங்க லாரிக்குள்ள ஏறி ஐஸைச் சுரண்டிக் கன்னத்துல வச்சுப்பேனே, ஞாபகம் இருக்கா? நீங்க கத்துவீங்க. படம் பார்க்கிறப்ப அந்த மீன் வாடை வந்துச்சு, நிஜமா.

அத்தை வந்துட்டாங்க. சீக்கிரம் பதில் போடுங்க.

உங்க,
கேரன்


பத்து காஜா
14.4.2024

என் செல்ல மகள் கேரனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்துக்கும் அத்தை சுகத்துக்கும் கர்த்தரை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். சன்னாசித் தாத்தாவுக்கும் படித்துக் காட்டினேன். இப்போது டேவான் முழுக்க லேட்டு பைத்தியம். ஈஸ்டர் ஞாயிறன்று இரண்டாம் பாகம் போட்டபோது எல்லோரும் அதை மட்டுமே தேடினார்கள். அது உருண்டு விழுந்தபோது ஒரு சீனர், ஆள் மலை மாதிரி இருப்பார், “காசியான்”, பாவம் என்று கண்ணைத் துடைத்தார். பாதிப் பேர் அது பிழைக்கும் என்கிறார்கள், பாதிப் பேர் பிழைக்காது என்கிறார்கள். பிஸ்கட் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு பாக்கெட் முழுக்க லேட்டு பக்கம் வைத்திருக்கிறேன். என் மகள் பெயர் வைத்த குஞ்சு, அது போய்ச் சேரும்.

அத்தையோடு சண்டை போட்டது சரிதான். ஆனால் சோற்றைத் தின்றுவிட்டுச் சண்டை போடு.

ஒரு விஷயம். என்னை மரப் பட்டறைக்கு மாற்றியிருக்கிறார்கள். உனக்கு ஒரு படிப்பு மேசையும் நாற்காலியும் செய்யத் துவான் அனுமதி கொடுத்திருக்கிறார். முடிந்ததும் நீங்கள் வந்து எடுத்துப் போகலாம். அளவு சரியாக இருந்தால்தான் முதுகு வலிக்காமல் படிக்கலாம். போன வருஷத்துக்கு நீ ரொம்ப வளர்ந்துவிட்டாய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்தே இருப்பதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சுவரோடு நின்று அத்தையை அளக்கச் சொல். உன் உயரம் எவ்வளவு என்று உடனே எழுது. அளவு வந்ததும் பலகையை அறுத்துவிடுவேன்.

உன் அப்பா,
கஸ்பார்


சிலிபின்
20.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்ஸி எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம். இந்த மாதம் உங்களைப் பார்க்கவும் வர முடியவில்லை. கார் பட்டறையில் இருக்கிறது, என்ன கோளாறு என்று அவனுக்கே தெரியவில்லை. கேரனுக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்தது.

நாலாம் பாகம் 26ஆம் தேதி. அதில் வடதுருவம் அதிகம். ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு பனிக்கட்டி மேல் நடந்துகொண்டே இருக்கிறது. கடலில் பனிக்கட்டி சீக்கிரம் உருகிவிடுவதால் இரை கிடைப்பதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். அந்தப் பாகத்தில் வசனம் ரொம்பக் குறைவு. வெறும் காற்றுச் சத்தம்தான். எனக்கு அது வசதியாக இருந்தது.

இங்கே வெயில் தாங்கவில்லை. கொசு மருந்துப் புகை அடிக்க ஆட்கள் வாரம் இரண்டு தடவை வருகிறார்கள்.

தைலம் தேய்க்கவும்.

எல்ஸி


பத்து காஜா
2.6.2024

பாசமுள்ள எல்ஸிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

உன் வேலை எனக்குத் தெரியாதா, கோபம் இல்லை. ஆனால் கேரன் ஒரு வரி கூட எழுதவில்லையே. உறையிலும் படம் இல்லை. எந்த உறையையும் அவள் வெள்ளையாக விட்டதில்லை. அப்பா மேல் ஏதாவது கோபமா? பிஸ்கட் பந்தயம் பிடிக்கவில்லையா? அவளிடம் ஒரு விஷயம் கேட்டிருந்தேன், அதற்குப் பதில் வராமல் என் வேலை அப்படியே நிற்கிறது. அவளையே எழுதச் சொல்.

கரடிப் பாகம் பார்த்தோம். நல்ல படம்தான், ஆனால் ஒருத்தருக்கும் மனசு ஒட்டவில்லை. குஞ்சைக் கடைசியில் இரண்டு நிமிஷம்தான் காட்டினார்கள். சன்னாசிக்குக் கோபம், “கரடிக்கு இவ்ளோ நேரம், நம்ம பிள்ளைக்கு ரெண்டு நிமிஷமா?” என்று துவானிடமே கேட்டுவிட்டார்.

ஜூன் 16 தகப்பன்மார் தினமாம், இங்கே சொல்கிறார்கள். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

கார் சரியானதும் வாருங்கள். முடியாவிட்டால் பஸ் இருக்கிறது.

கஸ்பார்


சிலிபின்
3.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

கேரன் பள்ளி ஹாஸ்டலில் இருக்கிறாள். பரீட்சை வருஷம், அங்கேயே தங்கிப் படிக்கச் சொல்லிவிட்டார்கள். போன் கூட வைத்துக்கொள்ள விடுவதில்லை. உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

கடைசிப் பாகத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். 28ஆம் தேதி போடுகிறார்கள். கட்டாயம் பாருங்கள். குஞ்சு கடலுக்குப் போய்விடும். கவலைப்பட வேண்டாம்.

எல்ஸி


பத்து காஜா
29.7.2024

எல்ஸி,

நேற்று கடைசிப் பாகம் பார்த்தோம்.

என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன், நீ ஆயிரம் தடவை பார்த்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன். இராத்திரி முழுக்கப் புயல். விடிந்ததும் அங்கங்கே வெள்ளையாக மேடு. எல்லாக் குஞ்சும் உதறிக்கொண்டு எழுந்தன. லேட்டு எழவில்லை. பக்கத்தில் காட்டினார்கள், கண் பாதி திறந்திருந்தது, அதன் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. கடலிலிருந்து பெரிய பறவை ஒன்று வந்து குனிந்து அலகால் தொட்டது, கத்தியது, மறுபடி தொட்டது. கீழே உன் எழுத்து ஓடியது: ‘குஞ்சு அயர்ந்து தூங்குகிறது. விடிந்ததும் கடலுக்குப் போகும்.’

விடிந்துதான் இருந்தது, எல்ஸி. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

டேவானில் சன்னாசி மட்டும், “தமிழ்ல போட்டிருக்குல்ல, தூங்குதுன்னு. அப்ப தூங்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தவன், ஆனால் உன் கடிதத்தைப் படிக்கத் தெரியும். நேற்று எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்த மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ‘நானும் கேரனும் நலம்’ என்று எழுதினவள் நீ. மே மாதத்திலிருந்து ‘நலம்’ என்று மட்டும் இருக்கிறது. கார் கெட்டுப்போச்சு என்று எழுதினாய், ஹாஸ்டல் என்று எழுதினாய், அந்த ஒரு வரியை மட்டும் உன்னால் எழுத முடியவில்லை. என் கடிதம் வந்தது என்று எழுதினாய். கேரன் படித்தாள் என்று எழுதவில்லை. முடிவைச் சொல்லக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினாள், நீ சொல்லிவிட்டாய். அவள் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்ல விட்டிருப்பாளா? செத்த குஞ்சைத் தூங்குகிறது என்று எழுத விட்டிருப்பாளா?

கேரனுக்கு என்ன ஆச்சு, எல்ஸி?

என் பிள்ளை இருக்கிறாளா இல்லையா, அதை மட்டும் எழுது.

கஸ்பார்


சிலிபின்
6.8.2024

அண்ணே,

கேரன் இல்லை. ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குப் போய்விட்டாள். டெங்கி.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோதே உடம்பு சுட்டது. எனக்கு நாலாம் பாகம் வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இந்தப் பாழாய்ப்போன கரடிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புதன்கிழமையும் அப்படியே. அவள் பக்கத்து அறையிலிருந்து, “அத்தை, தாய்க்கரடி சாகுதா?” என்று கேட்டாள். இல்லை, நீ தூங்கு என்றேன். வியாழன் மதியம் வேலையை அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தேன், பல் ஈறில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. இரண்டு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், தினமும்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு நீங்கள் மூன்றாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்தேன். அந்தப் பாகத்தில் லேட்டு சறுக்கி விழுந்து தானே எழுந்துவிடும். நீங்கள் எல்லோரும் சிரித்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் அண்ணனே எழுதியிருக்கிறார் என்று உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைக் காட்டினேன். அவர் என்னைக் கோபித்துக்கொண்டார். சிறைக்கு வரும் சாமியாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். விலங்கோடு வந்து உங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சோறு தின்னாமல் செத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். ஜெயபாலன் குடும்பத்துக்குச் செய்ததற்குத்தான் இப்படி என்று உங்களையே வெட்டிக்கொள்வீர்கள் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, உங்கள் முகத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது நான் கரடிக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தைரியம் இல்லை.

நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் மே 3ஆம் தேதி வந்தது. அடக்கம் முடிந்து நாலாம் நாள். நான் பிரிக்கவில்லை. அவள் பெயருக்கு வந்தது, அவள் மேசையில் இருக்கிறது.

கடைசிப் பாகத்தின் கடைசி வரிக்கு வந்தபோது இங்கிலீஷில் அவன் சொன்னதைக் கேட்டேன். என்னால் அதை டைப் அடிக்க முடியவில்லை. மூன்று நாள் அந்த இடத்திலேயே நின்றேன். பிறகு இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மகேந்திரன் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்ப்பார்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எல்ஸி


பத்து காஜா
25.8.2024

எல்ஸிக்கு,

கஸ்பார் எழுதுவது. இங்கு நான் சுகமாக இல்லை. நீயும் இல்லை என்று தெரியும்.

உன் கடிதத்தைத் துவான்தான் முதலில் படித்திருக்கிறார். அதிகாரிகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கையில் கொடுக்காமல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் கொடுத்தார். இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. சோறு தின்கிறேன், அதைப் பற்றி நினைக்காதே. சன்னாசி பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைக்கிறார்.

உன்னைத் திட்ட நிறைய எழுதினேன், கிழித்துப் போட்டேன். இரண்டு விஷயம்தான் மிச்சம்.

காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்ததற்கு உன் மேல் எனக்குக் குற்றம் இல்லை. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். ஒரு நிமிஷம் கண் அசந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அதைச் சொல்லி உன்னை அடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மற்றது எனக்கு ஆறவில்லை, எல்ஸி. இனியும் ஆறுமா தெரியாது. நான் எழுதியது சின்னம்மாவை நினைத்து. எண்பத்து மூன்று வயதுக் கிழவிக்கு எழுதியதை நீ என் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வைத்துவிட்டாய். விலங்கு என்ன, கழுத்தில் சங்கிலி போட்டு இழுத்து வந்திருந்தாலும் நான் வந்திருப்பேன். பத்து நிமிஷம் போதும். என் கையை மறைக்கச் சால்வை போட அவள் இல்லை, அவ்வளவுதான், அப்படியே நின்று பார்த்திருப்பேன். மூன்று மாதம் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவுக்கு ஒரு வரி எழுத வலிக்குதா என்று. அந்த மூன்று மாதத்தை எப்படித் திருப்பித் தருவாய்?

இன்னொன்று. அந்தப் படத்தை மறுபடி போடுவார்கள் என்று துவான் சொன்னார். அந்த வரியைத் திருத்திக் கொடு. அவன் என்ன சொன்னானோ அதை எழுது. அவள் உன்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டு ஜெயித்த விஷயம் அது. அவள் இல்லை என்பதற்காக நீ தோற்கடிக்கக் கூடாது.

அவள் பெயருக்கு நான் எழுதிய கடிதத்தை நீயே பிரித்துப் படி.

படித்துவிட்டு வா. கார் இல்லாவிட்டால் பஸ்ஸில் வா.

கஸ்பார்


சிலிபின்
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்ஸி எழுதுவது. நேற்று கல்லறைக்குப் போய்விட்டு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

உயரம் கேட்டிருந்தீர்கள். ஐந்தடி இரண்டு அங்குலம். நான் சுவரோடு நிற்க வைத்து அளக்கவில்லை. சவப்பெட்டிக்காரர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை, அவரே நாடாவை எடுத்து அளந்தார். அளவு சரியாகத்தான் இருக்கும்.

மகேந்திரனிடம் உண்மையைச் சொன்னேன். பத்து வருஷமாக எழுதுகிற நீங்களா இப்படி என்று கேட்டார். யாருக்காக என்று சொன்னதும் திருத்தி அனுப்பச் சொன்னார். இனிமேல் வேலை வருமா தெரியாது, வராவிட்டாலும் பரவாயில்லை. நவம்பரில் மறு ஒளிபரப்பு. வரியைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். கேரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். மூன்றே வாக்கியம்.

‘குஞ்சு இறந்துவிட்டது. தகப்பன் பறவைக்கு அது தெரியாது. அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.’

மே மாதத்திலிருந்து உங்களுக்கு அதைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது, அண்ணே.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். கார் நன்றாகத்தான் ஓடுகிறது, அது கெட்டுப்போகவே இல்லை. அவளுடைய சால்வையைக் கொண்டு வருகிறேன், உள்ளே கொடுக்க விடாவிட்டால் கண்ணாடியில் வைத்துக் காட்டுகிறேன். கேட்டில் துவான் எத்தனை பேர் என்று கேட்பார். ஒருத்தி என்று சொல்வேன்.

உங்கள் தங்கை,
எல்ஸி